நடுக்குவாதமும் மருந்தடி வேலையும்



இந்தப் பக்கத்தில் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் என்று பலவற்றைப் பார்த்துவிட்டோம். இம்முறை நடுக்குவாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வைத்தியத்தில் பார்க்கின்சன் நோய் என்று சொல்வார்கள். நோயைப் பற்றி மட்டுமல்ல, அதன் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது, அதற்கு அரசாங்கப் பணம் எப்படிச் செலவாகிறது, அதில் நமக்கு என்ன வேலை என்பதையும் எழுதப் போகிறேன். "ஆராய்ச்சி எல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு டிரஸ்ஸர்?" என்று கேட்பீர்கள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பத்து இருபது வருஷம் புல்லுக்கு மருந்தடித்தவர்களுக்கு இதில் நிறைய இருக்கிறது.

எல்லா நடுக்கமும் நடுக்குவாதம் அல்ல

கை நடுங்குகிறது என்று கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்த நோய் இருக்காது. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். நடுக்குவாதத்தில் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல் இருக்கும். முதலில் ஒரு பக்கம்தான் தொடங்கும்.

நடுக்கத்தைவிட மந்தம்தான் முக்கியமான அறிகுறி. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாது. "தாத்தாவுக்கு இப்போ யார் மேலேயும் பாசமில்லை" என்று வீட்டில் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். தோள் இறுகும், வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு வருஷம் போய்விடும். இதற்கெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே மோப்பம் குறைவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கை கால் உதைத்துக் கத்துவது இவை வந்திருக்கலாம். கருவாடு பொரிக்கும் வாசனை தெரியவில்லை என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னால் நான் சிரிப்பதில்லை, குறித்துக்கொள்வேன்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் 1817-ஆம் ஆண்டில் ஆறு பேரைப் பற்றி எழுதிய சிறு நூலால் இந்த நோய்க்கு அவர் பெயர் வந்தது. மூளையின் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு சிறு இடம் உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. மெஷினுக்கு எண்ணெய் எப்படியோ, அப்படித்தான் நம் அசைவுக்கு அது. அந்த உயிரணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப் பாதிக்குமேல் குறைந்த பிறகுதான் நோய் வெளியே தெரிகிறது. 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வரும் என்பது உலகப் பொதுக் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் ஸ்டெமெட்டில், மேக்சலோன் போன்ற மாத்திரைகளையும் சில மனநோய் மருந்துகளையும் நீண்ட நாள் சாப்பிட்டால் இதே போன்ற நடுக்கமும் இறுக்கமும் வரலாம். டாக்டர் சொல்லி அவற்றை நிறுத்தினால் பலருக்குக் குறைந்துவிடும். ஆகவே டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

ஏன் அந்த உயிரணுக்கள் சாகின்றன? வயது ஒரு காரணம். சில குடும்பங்களில் பரம்பரை. மூன்றாவது, வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் நஞ்சு. இந்த மூன்றாவதின்மேல் பெரிய சந்தேகம் கிளம்பியது 1983-இல். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று கிழவர்களைப் போல் இறுகிப் போனார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த அந்தப் போதைப்பொருளில் ஒரு நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சு உடம்புக்குள் போய் மாறும் வடிவத்தைப் பார்த்த விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். அது பேராக்குவாட் என்ற புல் மருந்தின் வடிவத்தை ஒத்திருந்தது.

பேராக்குவாட் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிராமாக்சோன் என்றால் எல்லாருக்கும் தெரியும். பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் பல வருஷம் அதைத்தான் அடித்தோம். அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது எல்லாம் நீங்கள் சொன்னவைதான். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே 2002-இல் அரசாங்கம் பேராக்குவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுத் தடை வந்தது. இன்றைக்கு யாராவது ஸ்டோரில் கிடக்கும் பழைய தோம்பைத் திறந்து அடிக்கச் சொன்னால் அது சட்டவிரோதம். உடனே சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தடை வந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று விட்டுவிட முடியாது. நடுக்குவாதம் இன்று அடித்து நாளைக்கு வரும் நோய் அல்ல. 1980-களிலும் 90-களிலும் பம்பு சுமந்தவர்களுக்கு இப்போதுதான் அறுபது, எழுபது வயது ஆகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி

ஒருவர் மருந்தடித்தார், அவருக்கு நடுக்குவாதம் வந்தது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மருந்தே அடிக்காத கிராணிக்கும் வருகிறதே! அடித்தவர்களில் எத்தனை பேர், அடிக்காதவர்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இந்த ஒப்பிடும் முறைக்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு. நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற கால் வீக்க நோயால் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு அதிகம் வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. 1905-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குச் சயாம் வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களைத்தான் நோய் பிடித்தது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய அரசாங்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் டாக்டர்கள் ஃப்ரேசரும் ஸ்டான்டனும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது போகிற தவிட்டில்தான் காரணம் இருக்கிறது என்று காட்டினார்கள். நம் பாட்டிமார் பானையில் வேகவைத்த நெல் ஓர் உலக ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அந்தக் காலத்தில் நோயாளியிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கும் வழக்கமே கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது.

நடுக்குவாதத்துக்கு இவ்வளவு சுலபமான சோதனை செய்ய முடியாது. நஞ்சைக் கொடுத்துப் பார்ப்பது பாவம், குற்றம். ஆகவே ஏற்கனவே அடித்தவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஒரு டாக்டரால் முடியாது, ஓர் இலாகாவாலும் முடியாது. அமெரிக்காவில் புற்றுநோய்க் கழகம், சுற்றுச்சூழல் சுகாதாரக் கழகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, தொழில் பாதுகாப்புக் கழகம் என்று பல அரசாங்க அமைப்புகள் சேர்ந்து ஒரே ஆராய்ச்சியை நடத்தின. 1993 முதல் 1997 வரை அயோவா, வட கரோலினா என்ற இரண்டு மாநிலங்களில் மருந்தடிக்க லைசென்ஸ் எடுக்க வந்தவர்களிடமே தாளைக் கொடுத்து, எந்த மருந்து, எத்தனை வருஷம், கையுறை போட்டீர்களா என்று எழுதி வாங்கினார்கள். அவர்கள் மனைவிமாரையும் சேர்த்து 89,000-க்கும் மேற்பட்டவர்கள். அப்போது அவர்களில் பெரும்பாலோர் நல்ல சுகத்தோடு இருந்தார்கள். இதைக் கவனியுங்கள்: நோய் வந்தபின் கேட்கவில்லை, வருமுன் கேட்டு எழுதி வைத்தார்கள்.

பிறகு அவர்களில் நடுக்குவாதம் வந்த 110 பேரையும் வராத 358 பேரையும் எடுத்து, நரம்பு நிபுணர்களை வைத்து நோயை உறுதி செய்து, பழைய வேலையை விவரமாகக் கேட்டார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது. பேராக்குவாட் கையாண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ரோட்டினோன் என்ற இன்னொரு மருந்துக்கும் அதே இரண்டரை மடங்கு. ரோட்டினோன் வேறொன்றுமில்லை, ஆற்றில் மீனை மயக்கக் கம்பத்துக்காரர்கள் இடித்துக் கலக்கும் துபா வேரில் இருக்கும் நஞ்சு. இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவில் அதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்தார்கள்.

இரண்டரை மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். நூற்றில் ஒருவருக்கு வருவது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரும் என்று அர்த்தம். மீதி தொண்ணூற்று ஏழு பேருக்கு வராது.

அதே ஆட்களை வைத்து 2015-இல் வெளிவந்த இன்னொரு முடிவைத்தான் நான் பெரட்டுக்களத்தில் ஒட்டி வைக்க விரும்புவேன். கையுறையை ஒழுங்காகப் போட்டவர்களிடம் பேராக்குவாட்டுக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. போடாதவர்களிடம்தான் தெரிந்தது. பேராக்குவாட் போய்விட்டாலும் அதற்குப் பதிலாக வந்திருக்கும் மருந்துகளும் கைவழியாக உடம்புக்குள் போகிறவைதான். "வேர்க்குது டிரஸ்ஸர், பிடி வழுக்குது" என்று கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகுகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். கிழிந்த கையுறையை மாற்றித் தராத நிர்வாகத்துக்கும் படித்துக் காட்டுங்கள்.

உண்மையை மறைக்காமல் மறுபக்கத்தையும் சொல்ல வேணும். 2020-இல் அந்தப் பெரிய பதிவேடு முழுவதையும் வைத்துப் போட்ட கணக்கில் பேராக்குவாட்டின் தொடர்பு பொதுவாக அவ்வளவு தெளிவாக வரவில்லை. முன்பு தலையில் அடிபட்டவர்களிடம் மட்டும் பலமாகத் தெரிந்தது. மருந்தைத் தயாரித்த கம்பெனியும் இந்தத் தொடர்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி இப்படித்தான், ஒரு கை ஓங்கும், ஒரு கை இறங்கும். ஒரே ஆட்களை ஒரே கேள்வியோடு முப்பது வருஷம் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் இந்த வாதமாவது சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் இப்படி அரசாங்கப் பணத்தில் நடக்கும் நடுக்குவாத ஆராய்ச்சிகளுக்காக 1997-இல், அந்நோய் கண்ட மோரிஸ் யூடால் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. 2024 ஜூலையில் எல்லா இலாகாக்களையும் ஒரே திட்டத்தின்கீழ் உட்கார வைக்க இன்னொரு சட்டம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஆராய்ந்தால் பணம்தான் போகும், பதில் வராது என்று அவர்களுக்கே இவ்வளவு காலத்துக்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் நடப்பது

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் லிம் ஷென் யாங், டாக்டர் டான் ஆய் ஹுவேய் ஆகியோரின் குழு பல வருஷமாக நடுக்குவாதத்தை ஆராய்கிறது. இவர்கள் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஒரு கிருமி நடுக்குவாதத்தையும் மோசமாக்குகிறது என்ற சந்தேகம் இருந்தது. அந்தக் கிருமி உள்ள 67 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தும் மறு பகுதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரையும் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவு: கிருமி போயிற்று, ஆனால் நடுக்குவாதம் குறையவில்லை. இது தோல்வி என்று நினைக்காதீர்கள். இனி நம் ஆட்கள் அதற்காக வீணாக மருந்து சாப்பிட வேண்டாமே! 2021-இல் வெளிவந்த இன்னொரு சோதனையில் 72 பேர் சேர்ந்தார்கள். நல்ல கிருமிகள் அடங்கிய கேப்சூலை நான்கு வாரம் சாப்பிட்டவர்களுக்கு மலச்சிக்கல் குறைந்தது.

சுகாதார அமைச்சின் பக்கம் பார்த்தால், ஷா ஆலம் வட்டாரத்தில் செத்தியா ஆலாமில் தேசிய சுகாதாரக் கழகங்கள் என்ற பெரிய கட்டடத் தொகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் நம் பெரியவர்களுக்குத் தோட்டமாகவே ஞாபகம் இருக்கும். நான் மேலே சொன்ன பழைய ஆராய்ச்சிக் கழகமும் சேர்த்து ஆறு கழகங்கள் அதன்கீழ் வருகின்றன. அமைச்சின் ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் தேசியப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகுதான் நோயாளியைத் தொடலாம்.

ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு தாதியாக இருப்பார். உங்களுக்குப் போன் செய்து நாள் சொல்வது, தாளை விளக்குவது, இரத்தத்தைச் சரியான குப்பியில் சரியான நேரத்தில் அனுப்புவது, ஒரு வருஷம் கழித்தும் உங்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. பெரிய பேராசிரியர் பெயர் வெளியே தெரியும்; ஆனால் இவர் சரியில்லையென்றால் ஆராய்ச்சி படுத்துவிடும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. மாறிப் போக வேண்டிய ஒரு கிழவருக்குக் காலை ஏழு மணிக்கு நாள் குறித்தால் அவர் எப்படிப் போவார்? இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவு உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கையெழுத்துப் போடுமுன், புரிகிற மொழியில் விளக்கச் சொல்லுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தவர்களிடம் காட்டலாம். மாட்டேன் என்று சொல்லலாம். நடுவில் விலகலாம். அதனால் உங்கள் சாதாரண வைத்தியம் நிற்காது. என்னைக் கேட்டால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். உலகத்தில் இந்த நோயின் பரம்பரைக் காரணங்களைத் தேடிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரின் இரத்தத்தில்தான் நடந்திருக்கிறது. நம் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது நாம் கொடுத்தால்தான் தெரியும்.

உங்கள் செக்ரோலை நீங்களே எழுதுங்கள்

எந்த டாக்டரும் ஆராய்ச்சிக்காரரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது வேலை வரலாறு. இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். "மருந்து அடிச்சேன் டாக்டர்" என்றால் அவர் ஒரு வரி எழுதுவார். எந்த மருந்து, எத்தனை வருஷம் என்று சொல்ல முடிந்தால் அது சாட்சி. சிலாங்கூரில் எத்தனை தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீடமைப்பாகிவிட்டன! செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்குப் போயிருக்கும். ஆகவே பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மண்டோர் கையில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை. வாரத்தில் எத்தனை நாள் மருந்தடி. மருந்தின் பெயர் தெரியாவிட்டால் நிறமும் வாடையும் எழுதுங்கள். பேராக்குவாட் கரும்பச்சை நீலமாக இருக்கும். கலக்கினீர்களா, அடித்தீர்களா, இரண்டுமா. பம்பு ஒழுகி முதுகு நனைந்ததா. கையுறை, பூட்ஸ் கொடுத்தார்களா. குடிக்கக் கிணற்றுத் தண்ணீரா, பைப்புத் தண்ணீரா. எப்போதாவது மயங்கி விழுந்தீர்களா, தலையில் அடிபட்டதா.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். 2000-ஆம் ஆண்டின் இரசாயனப் பாதுகாப்பு விதிகளின்படி, மருந்தடிக்கிறவர்களுக்குச் செய்யும் உடல் பரிசோதனைக் குறிப்புகளை முதலாளி 30 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பரிசோதனை நடந்தால் முடிவைக் கேட்டு வாங்குங்கள். இதை வைத்துச் சொக்சோவில் நடுக்குவாதத்துக்கு நாளைக்கே பணம் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். காகிதம் இல்லாதவர் வழக்கு தொடங்குமுன்பே தோற்றுவிடும் என்பதை மட்டும் சொல்வேன்.

மருந்தும் பூனைக்காலியும்

நோயை அடியோடு மாற்ற மருந்து இல்லை. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். மூளையில் போய் டோப்பமினாக மாறும் லெவோடோப்பா என்ற மருந்துதான் இன்றும் முதல் மருந்து. சினமெட், மேடோப்பார் என்ற பெயர்களில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னே சாப்பிட்டால் நல்லது. மீன், இறைச்சி, முட்டை, பருப்போடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இரத்தத்துக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் அதே நேரத்தில் போடாதீர்கள். குணமாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவது ஆபத்து.

பூனைக்காலி விதை சாப்பிட்டால் தீருமாமே என்று சிலர் கேட்கிறார்கள். பேச்சில் உண்மை உண்டு. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு மருந்து என்று தெரியவர இன்னும் இருபது வருஷத்துக்குமேல் ஆயிற்று. ஆனால் ஒரு விதைக்கும் இன்னொரு விதைக்கும் அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறி, வாந்தியும் மயக்கமும், கை கால் தானாக முறுக்கிக்கொள்வதும் வரும். செம்பனைக் காட்டில் மூடுபயிராகப் படர்ந்திருக்கும் முக்குனாக் கொடி பூனைக்காலிக்குச் சொந்தம்தான், ஆனால் அதே செடி அல்ல. அதன் காயைப் பறித்து இடித்துச் சாப்பிடவே கூடாது.

வேலை வரலாற்றை எழுதத் தெரியாதவர்களும் எழுதிக் கொடுக்க வீட்டில் ஆளில்லாதவர்களும் உங்கள் தோட்டத்து டிரஸ்ஸரிடம் போங்கள். சிகிச்சை நேரம் முடிந்த பிறகு, பிற்பகலில் போனால் உட்கார்ந்து எழுதித் தர நேரமிருக்கும். பழைய சம்பளச் சீட்டு, சங்க அட்டை, பெரட்டில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். வருஷம் ஞாபகம் வர அவை உதவும். இரண்டு பிரதி எழுதி ஒன்றைக் கிளினிக் கார்டோடு சேர்த்து வையுங்கள், மற்றொன்று வீட்டில் இருக்கட்டும்.